சாட்சிப் பிள்ளை

சன்னல் கம்பியைப் பிடித்து ஆடட்டும், விடுங்கம்மா. எனக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. கால்தானே படுகிறது, பிள்ளைக் கால். அதட்டாதீங்க. நீங்க அதட்ட அதட்ட அது கூடத்தான் செய்யும். கண்ணு, இங்கே வா, பெரியம்மா பையைக் கொஞ்சம் பிடித்துக்கோ. உள்ளே கொய்யாப்பழம் கிடக்கு. எது பழுத்தது, எது காய் என்று அமுக்கிப் பார்த்துப் பிரித்து வை, பார்ப்போம்.

பார்த்தீங்களா, அடங்கிவிட்டாள். நான் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் அடங்கும். அது கர்த்தர் எனக்குக் கொடுத்த கிருபை. எங்க ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பாளையங்கோட்டைக்கா? நானும் அங்கேதான், சுகர் பார்க்கப் போகிறேன். பிள்ளைக்கு என்ன? காய்ச்சல் மாதிரியும் தெரியவில்லையே.

ஓ. அந்த டாக்டரா. பள்ளிக்கூடத்தில் சொல்லி விட்டார்களாக்கும்.

எனக்கு அவரைத் தெரியும். மாடியில் இருப்பார், மேசை மேல் கண்ணாடி ஜாடியில் மிட்டாய் வைத்திருப்பார். எழுந்து நின்று வணக்கம் சொல்கிற மனுஷர். தப்பானவர் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனாலும் உங்களை இந்தப் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார வைத்தாரே ஆண்டவர், அது சும்மா இல்லை. பேய்க்குளம்கூட இன்னும் வரவில்லை. நேரம் கிடக்கு. சொல்கிறேன், கேளுங்க.

எனக்கு மூன்று பிள்ளைகள். பெரியவன் ஆசீர் கோயம்புத்தூரில் இருக்கிறான், அடுத்தவள் பியூலாவை மதுரையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இரண்டு பேராலும் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. கடைசி எப்சிபா. எப்சி, எப்சி என்றுதான் கூப்பிடுவோம். பிந்திப் பிறந்தவள், அதனால் கொஞ்சம் செல்லம். அவிய, எங்க வீட்டுக்காரரைச் சொல்கிறேன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்கள். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அதட்டி உட்கார வைக்கிற மனுஷர், இவளை மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

அறிவு என்றால் அப்படி ஒரு அறிவு. கடையில் சாமான் வாங்கினால் கடைக்காரர் கூட்டி முடிக்கும் முன்னே இவள் சொல்லிவிடுவாள். ஒரு தடவை தூத்துக்குடியில் கப்பல் பார்க்கக் கூட்டிப் போனோம். சின்னப் பிள்ளை, இடுப்பில் இருந்து இறங்கி நான்கைந்து வருஷம்தான் இருக்கும். "அப்பா, ஆணி தண்ணிக்குள்ள போயிருது. இவ்வளவு இரும்பு எப்படிப்பா மெதக்கு?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு துறைமுகத்துக்காரர்தான் சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார். அன்றைக்குப் பிடித்தது கப்பல் கிறுக்கு. கப்பல் என்ஜின் படிப்பு என்று ஒன்று இருக்கிறதாமே, அதுதான் படிப்பேன் என்று நிற்பாள்.

அறிவு அவ்வளவு. ஆனால் ஒரு பொருள் கையில் தங்காது. குடை, டிபன் பாக்ஸ், ஜியாமெட்ரி பாக்ஸ். ஒரு தடவை இரண்டு காலிலும் வேற வேற செருப்பு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ச் சாயங்காலம் வரைக்கும் தெரியாமல் இருந்திருக்கிறாள். பால் பொங்குகிறதா பாரு என்று நிறுத்திவிட்டுப் போனால், அவள் பால் பக்கத்திலேயே நிற்பாள், பால் அடுப்பில் ஓடும். "ஏட்டி, கண்ணு எங்க இருந்துச்சு?" என்றால், "பாலைத்தாம்மா பாத்தேன். ஏன் ஓரத்துல இருந்து பொங்குதுன்னு யோசிச்சிட்டேன்" என்பாள். அடிக்கவா சிரிக்கவா?

படிப்புக்கு மட்டும் நான் ஒரு வழி வைத்திருந்தேன். சாயங்காலம் விளக்கு வைத்ததும் அவளைப் பாயில் உட்கார்த்தி, பக்கத்தில் நானும் உட்காருவேன். முருங்கைக்கீரை உருவுவேன், இல்லை பூண்டு உரிப்பேன். எனக்கு அவள் பாடம் ஒன்றும் தெரியாது, நான் எட்டாவதோடு நின்றவள். ஒரு வார்த்தை பேச மாட்டேன். கை கீரையில் இருக்கும், மனசு ஜெபத்தில் இருக்கும். ஆண்டவரே, இவள் புத்தியை ஒரு இடத்தில் கட்டி வையும், கட்டி வையும் என்று இதே ஜெபம்தான். அவளும் தலை நிமிராமல் எழுதுவாள். அடுப்பைப் பார்க்க எழுந்து போனேன் என்றால் முடிந்தது. திரும்பி வந்து பார்த்தால் நோட்டு ஒரு பக்கம் கிடக்கும், இவள் கடிகாரத்தைக் கழற்றி உட்கார்ந்திருப்பாள். மறுபடி உட்காருவேன், ஜெபம் பண்ணுவேன், மறுபடி எழுதுவாள். ஜெபத்துக்கு எவ்வளவு வல்லமை என்று எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது அம்மா. எழுந்தால் அறுந்துபோகும், உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும்.

பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல். தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்து சால்வை போட்டார். அந்தச் சந்தோஷத்தில்தான், பணம் கட்ட வேண்டாம், நாங்களே படிக்க வைக்கிறோம் என்று வடக்கே ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது அனுப்பிவிட்டோம்.

அங்கே போன பிறகு என் மகளை யாரோ மாற்றி வைத்த மாதிரி ஆகிவிட்டது. முதல் பரீட்சையில் பாதிப் பாடம் பெயில். எழுத்தே இல்லை, வெள்ளைத்தாள். வார்டன் போன் போட்டு, "இவ்வளவு அறிவு வச்சிக்கிட்டு வேணும்னே செய்யுதும்மா ஒங்க பொண்ணு. திமிரு" என்றாள். என் பிள்ளைக்குத் திமிர் கிடையாது. ஆனாலும் பெரிய படிப்பு படித்தவர்கள் சொல்கிறார்களே. லீவுக்கு வந்தபோது அவளிடம் கேட்டேன். அவள் பாயில் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வேணும்னுதான் செய்யிதேன்னு எல்லாரும் சொல்லுதாவ. அப்போ வேணும்னுதான் செய்யிதேன் போலம்மா."

அங்கே பிசிக்ஸ் மிஸ் ஒருத்தி இருந்தாள், சின்ன வயசுக்காரி. அவள்தான் இவளை ஸ்டாஃப் ரூமில் தன் பக்கத்தில் உட்கார வைத்து ஒருநாள் பேப்பர் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். அந்த மிஸ் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்திருக்கிறாள், இவள் முழுப் பேப்பரையும் எழுதிவிட்டாள். மிஸ் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாளாம், பேனா நின்றுவிட்டதாம். அவளுக்கு ஒரு தம்பி இதே மாதிரியாம். "இது திமிர் இல்ல. டாக்டரைப் பாருங்க" என்று அவள் சொல்லித்தான் இந்தப் பாளையங்கோட்டை டாக்டரிடம் நாங்கள் வந்தது.

ஆமாம், நீங்க இன்றைக்குப் போகிற மாதிரியேதான். இதே பஸ்தான்.

எப்சியிடம் ரொம்ப நேரம் பேசினார். என்னிடமும் பேசினார். பத்தாவது வரைக்கும் எப்படிப் படித்தாள் என்று கேட்டார். நான் கீரை உருவியதை, ஜெபம் பண்ணியதை, எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, இது கவனக்குறைபாடுன்னு ஒண்ணு. பிறந்ததுல இருந்தே இருந்திருக்கும். கெட்டிக்காரப் பிள்ளைங்கிறதால இத்தனை வருஷம் வெளிய தெரியல. பாதி அவ அறிவால சமாளிச்சிருக்கா. மீதி, நீங்க பக்கத்துல உட்கார்ந்ததால" என்றார்.

நான், "ஜெபத்தாலன்னு சொல்லுங்க சார்" என்றேன்.

"ஜெபத்தை நான் ஒண்ணும் சொல்லலம்மா. நீங்க உட்கார்ந்தீங்க பாருங்க, அது. அதுவே பெரிய மருந்து" என்றார்.

உட்கார்ந்தது மருந்தாம். உட்காருவதற்கு என்ன, பூனைகூட உட்காரும். படித்தவர்களோடு நான் வாதாட மாட்டேன். இவள்தான் திடீரென்று, "அப்போ நான் சோம்பேறி இல்லையா சார்?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அந்த டாக்டர் மிட்டாய் ஜாடியை அவள் பக்கம் தள்ளி வைத்தார். இத்தனை பெரிய பிள்ளை, தாவணி போடுகிற வயசு, மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு அழுகிறாள்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இருங்கம்மா, பேச்சில் மறந்துவிட்டேன். என் சுகர் மாத்திரை போடுகிற நேரம். அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் எடுங்க. காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, இப்போது ஒன்று. ஒரு நாள் விட்டால் நாக்கு வறளும், தலை கிறுகிறுக்கும். அவிய கூடச் சொல்வார்கள், ஜெபத்தை மறந்தாலும் மறப்பா, மாத்திரையை மறக்க மாட்டா என்று. கேலிதான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? இது வேற அம்மா. இது ரத்தத்தில் உள்ளது.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? மாத்திரை. ஹாஸ்டல் வேண்டாம் என்று எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே பன்னிரண்டாவதில் சேர்த்தோம். மாத்திரை ஆரம்பித்த அதே வாரம் நானும் உபவாசம் ஆரம்பித்தேன். மத்தியானம் வரைக்கும் பச்சைத்தண்ணீர் குடிக்க மாட்டேன். சுகர்க்காரி இப்படிச் செய்யலாமா என்று அவிய சத்தம் போட்டார்கள். பிள்ளைக்காகச் செய்யாமல் யாருக்காகச் செய்வது? எங்க கோயில் பெண்கள் சங்கத்திலும் சொல்லி வைத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் எல்லாரும் முழங்காலில் நின்று என் எப்சிக்காக ஜெபித்தார்கள்.

அற்புதம் அம்மா. ஒரு காலை வேளையில் இவள் குளித்து, சாப்பிட்டு, சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்தாள்! பிறந்ததில் இருந்து அந்தத் தட்டு அவள் கையால் கவிழ்ந்ததில்லை. பிறகு தானே போய் உட்கார்ந்து ஒரு பாடம் முழுக்க எழுதி முடித்தாள். நான் அப்போது பக்கத்தில்கூட இல்லை, தொழுவத்தில் இருந்தேன். தேடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, யாரோ மிக்ஸியை நிப்பாட்டுன மாதிரி இருக்கும்மா. தலைக்குள்ள அமைதியா இருக்கு. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமாம்மா? தெனமுமா?" என்றாள்.

நான் சாணிக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று அழுதேன். காலாண்டில் கணக்கில் ஒரு மார்க்தான் குறைவு. அந்த ஒரு மார்க் ஏன் போச்சு என்று அவள் வாத்தியாரோடு சண்டை போட்டாள். பேச்சு, சிரிப்பு, வீட்டுக்கே வெளிச்சம் வந்த மாதிரி. மத்தியானச் சாப்பாடு மட்டும் இறங்கவில்லை, கொஞ்சம் மெலிந்தாள். அது ஒன்றுதான் எனக்கு உறுத்தல்.

பிறகு ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. உங்க பக்கத்தில் எப்படியோ, எங்க கோயிலில் அன்றைக்குக் கோழி, வாழைத்தார், தேங்காய் என்று அவரவருக்குக் கிடைத்ததைக் கொண்டுவந்து படைப்போம், நன்மை கண்டவர்கள் எழுந்து சாட்சி சொல்வோம். எனக்காக முழங்காலில் நின்ற பெண்கள் எல்லாம் என்னையே பார்க்கிறார்கள். ஜெபம் கேட்டு வாங்கிவிட்டு, கிடைத்த பிறகு வாயை மூடிக்கொள்ளலாமா? கிடைத்தது திரும்பிப் போய்விடும் என்று சொல்வார்கள். நான் மைக் பிடித்துப் பழக்கம் இல்லாதவள். ஆனாலும் எழுந்தேன். "டாக்டர்மாரு பிறவிக் கோளாறுன்னு எழுதிக் கொடுத்த என் மகளை, ஆண்டவர் தொட்டுப் பூரண சுகமாக்குனாரு" என்றேன். கோயில் முழுக்கக் கை தட்டியது. எப்சியை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றாள். தலையைக் குனிந்தே நின்றாள். கூச்சம்.

வெளியே வந்ததும் அவிய, "ஒனக்கு ஊரு முன்னால வாய் நல்லா வந்துட்டு, தங்கபுஷ்பம்" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். எப்சி வீட்டுக்கு வந்து கேட்டாள்: "எல்லாருக்கிட்டயும் சொன்னியே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

"ஆண்டவருகிட்ட கேட்டேன்ட்டி" என்றேன். வேறு யாரிடம் கேட்பது?

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல மாத்திரை அட்டையை எடுக்கிறாள். பூரண சுகம் என்று நேற்றுச் சொன்ன வாய். அந்த வாயை வைத்துக்கொண்டு இன்றைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தால், அந்தச் சாட்சி என்ன ஆகும்? ஆண்டவரைப் பொய்க்காரர் ஆக்குவதா? பக்கத்து வீட்டுச் செல்லக்கனி சும்மா இருக்க மாட்டாள். மருந்துக் கடையில் எங்க வீட்டு ஆள் நின்றால் போதும், "சுகம் ஊருக்கு, மாத்திரை வீட்டுக்காக்கும்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள்.

அட்டையை வாங்கி அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். "இனி வேண்டாம் மோளே. விசுவாசத்துல நில்லு" என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. அதுதான் ஆச்சரியம். "அம்மா, பரீட்சை வரைக்கும் மட்டும்மா. யாருக்கும் தெரியாம போட்டுக்கிடுதேன்" என்றாள். ஒளித்துச் செய்வது பாவம் இல்லையா? அதையும் சொன்னேன்.

எங்க ஐயருக்கும் இது காதில் விழுந்திருக்கிறது. பாஸ்டரைத்தான் ஐயர் என்போம். வீடு சந்திக்க வந்தவர், "சாட்சியில மாத்திரையையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமேம்மா. மருந்தும் அவர் கொடுத்ததுதானே. பிள்ளை போடட்டும்" என்றார். சின்ன வயசு ஐயர். விசுவாசம் இன்னும் பழுக்கவில்லை. நான் காபி கொடுத்து அனுப்பினேன். அவருக்காகவும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் பக்கத்தில் உட்காருவேன் என்றேனே, அதையும் நிறுத்திவிட்டேன். அந்த டாக்டர் சொன்ன பேச்சு மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நீங்க உட்கார்ந்ததால், நீங்க உட்கார்ந்ததால். நாளைக்கு இவள் ஜெயித்தால் தங்கபுஷ்பம் உட்கார்ந்தாள், அதனால் ஜெயித்தாள் என்று ஆகிவிடக் கூடாது. மகிமை எல்லாம் ஆண்டவருக்குத்தான் போக வேண்டும். அதனால் நான் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். அவள் வெளியே பாயில். ஒருநாள் கதவைத் தட்டி, "அம்மா, கீரை உருவணுமா? இங்க வந்து உருவும்மா" என்றாள். நான் ஜெபத்தின் நடுவில் இருந்தேன். கதவைத் திறக்கவில்லை.

பரீட்சை? என்ன சொல்ல. பிசிக்ஸ் பேப்பரில் முதல் கேள்விக்கே பாதி நேரம் எழுதியிருக்கிறாள். அழகு அழகாகப் படம் போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு. கேள்வித்தாளைத் திருப்பிப் பார்க்கவே இல்லையாம், பின்பக்கமும் கேள்வி இருந்ததாம். பாஸ் ஆனாள். ஆனது அவ்வளவுதான். கப்பல் படிப்புக்கு அந்த மார்க் எந்த மூலைக்கு? ரிசல்ட் வந்த அன்றைக்குச் சுவரில் ஒட்டியிருந்த கப்பல் படத்தைப் பிரித்து எடுத்தாள். கிழிக்கவில்லை. நாலு மூலையும் பொறுமையாகப் பிரித்து, சுருட்டி, அப்பாவிடம், "வேன்ல சின்னப் பிள்ளை யாருக்காவது குடுங்கப்பா" என்று கொடுத்தாள்.

பிறகு நாங்கள் சும்மா விடவில்லை. டவுனில் காலேஜில் சேர்த்தோம், போனாள், ஒரு வருஷத்தில் நின்றாள். ஜவுளிக் கடைக்குப் போனாள். சேலையை மடிக்கச் சொன்னால், மடித்துக்கொண்டே கஸ்டமரை விட்டுவிட்டு எங்கேயோ பார்த்து நின்றாளாம். போன் கடைக்குப் போனாள். அங்கே ரிப்பேர் எல்லாம் பிரமாதமாகச் செய்திருக்கிறாள், யாருடைய போன் யாருக்கு என்பதில்தான் குழப்பம். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். பின்அறையில். இருபத்தோரு வயசு. ஃபேன் ஓடும், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இல்லையம்மா, சுகமாகவில்லை என்று யார் சொன்னது? நீங்களும் அப்படிக் கேட்கிறீங்களே. சுகமானது சுகமானதுதான். இது சோதனைக் காலம். எங்க ஊரில் அவளைச் சாட்சிப் பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்க வீட்டுக்கு வருகிறார்கள். படிக்கவில்லை, அடங்கவில்லை, சொன்னது மறக்கிறது, எல்லாம் இவள் மாதிரியே. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்து ஜெபிப்பேன். எப்சியையும் கூப்பிட்டு, "இவளுக்குத்தான் சுகம் கிடைச்சுது, பாருங்க" என்று காட்டுவேன். அவளுக்கு ஒரு வேலையும் இல்லை, வந்து நின்றால் போதும். நிற்பாள். போன வாரம் ஒரு அம்மா கேட்டாள், "நீ இப்ப என்னம்மா படிக்கிய?" என்று. இவள், "சாட்சியா இருக்கேன் அத்தை. முழு நேரமும்" என்றாள். அந்த அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம்! எனக்கும்தான். ஊழியத்துக்கு மனசு திரும்புகிறது போல.

இப்படி இருக்கிறவளை மறுபடியும் அந்த டாக்டர் வாசலில் யாராவது பார்த்தால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க. என் ஒருத்தி மானம் இல்லை இது. எத்தனை தாய்மார் விசுவாசம் அதில் தொங்குகிறது.

அவளுக்கு அது புரியவில்லை. இரண்டு மாசத்துக்கு முன்னால் தானாகவே கிளம்பிப் போயிருக்கிறாள். ஸ்டாப்பை விட்டுவிட்டு எங்கேயோ இறங்கி, திரும்பி நடந்து, போய்ச் சேரும்போது டாக்டர் போய்விட்டார். மறு வாரம் போனாள், அன்றைக்கு அவர் வராத நாள். வந்து என் காலடியில் உட்கார்ந்து, "தனியா என்னால முடியலம்மா. நீ கூட வா. ஒண்ணும் பேச வேண்டாம், பக்கத்துல உட்காரு, அது போதும்" என்றாள். நான் ஜெபிக்கிறேன் என்றேன். ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்றைக்குக் காலையில் நான் சுகர் பார்க்கப் பாளைக்குப் போகிறேன் என்று தெரிந்து, விடியும் முன்னே குளித்து, தலை சீவி, செருப்பும் போட்டு வாசல் கேட்டுப் பக்கம் நிற்கிறாள். இரண்டு காலிலும் ஒரே ஜோடி. கவனமாகப் போட்டிருக்கிறாள், பாவம். "நானும் வாறேம்மா" என்றாள். "நீ எதுக்கு மோளே வெயில்ல? அம்மா போயிட்டு ஒனக்கு அல்வா வாங்கிட்டு வாறேன்" என்றேன். கேட்டைத் திறந்து நான் வெளியே வந்தேன், அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். உங்க பிள்ளை முதலில் சன்னல் கம்பியைப் பிடித்திருந்ததே, அதே மாதிரி.

போன் அடிக்கிறது. அவியதான். ஒரு நிமிஷம்.

ஏங்க, சொல்லுங்க. பஸ்லதான் இருக்கேன். யாரு, இன்னுமா? இன்னும் வாசல் கேட்டுப் பக்கத்துலயா நிக்கா? செருப்பைக் கழத்தலையா? வெயில் ஏறிட்டே. உள்ள கூப்பிடுங்க. கூப்பிட்டா வரலைன்னா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. கூட்டிட்டு வந்து கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காருங்க. இல்ல, வேண்டாம். உட்கார வேண்டாம். ஜெபம் பண்ணுங்க. வையுங்க.

ஒன்றும் இல்லையம்மா. வெயிலில் நிற்கிறாள்.

நான் சொல்ல வந்தது இதுதான். இத்தனை தூரம் நீங்களும் பார்த்துக்கொண்டுதானே வருகிறீங்க, உங்க பிள்ளை எவ்வளவு அமைதியாகப் பழத்தைப் பிரித்து அடுக்கியிருக்கிறாள். பழுத்தது ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். இவளுக்கா கோளாறு? பாளையில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸைப் பிடியுங்க. ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுக்குக் கூட்டி வாங்க. என் எப்சியையும் பார்க்கலாம்.

என்னம்மா, அதற்குள் எழுந்துவிட்டீங்க? இந்த ஸ்டாப்பா? ஆமாம், டாக்டரிடம் போக இதுதான் பக்கம். நான் அடுத்ததில் இறங்குவேன், மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

பார்த்து, படி உயரம். பிள்ளை கையைப் பிடியுங்க. பிள்ளை பெயர் சொல்லவில்லையே? பெயரைச் சொல்லிவிட்டுப் போங்க, ஜெபிக்க வேண்டாமா? அம்மா, பெயர்.

கண்டக்டர் தம்பி, ஒரு நிமிஷம் விசில் ஊதாதீங்க. பிள்ளை செருப்பு ஒன்று சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. ஒற்றைக் காலோடு இறங்கிவிட்டாள். அம்மா! இந்தாங்க, சன்னல் வழியாகத் தருகிறேன், பிடியுங்க. போட்டு விடுங்க, தரை சுடும். பெயர் மட்டும்...

போகட்டும். சன்னல் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பிள்ளை என்று சொன்னால் கர்த்தருக்குத் தெரியும்.

ஆண்டவரே, அந்த டாக்டர் இன்றைக்கு வந்திருக்கக் கூடாது.